ஃபார்மேட் பண்ணும் முன் கேள்வி கேட்கும் கடை

சென்னையின் கம்ப்யூட்டர் சந்தையான ரிச்சி தெருவில் ஓஎஸ் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்) போட்டுத் தர ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தால் போதும், "என்னக்கா, சர்வீஸா?" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் குரல் வரும். ஒரு மணி நேரத்தில் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் ஏற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் எது ஒரிஜினல் என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் எழுத வந்த கடை அந்த ரகம் இல்லை. இங்கே பேச்சு அதிகம், நேரம் அதிகம், கூலியும் கொஞ்சம் கூடுதல். இருந்தாலும் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை), அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ் என்று பழைய ஃபைல்களை நம்பிப் பிழைக்கிற யார் கேட்டாலும் இனி இந்தக் கடையைத்தான் கைகாட்டுவேன்.

பெயர்ப்பலகை என்று ஒன்று கடைக்கு இல்லை. நரசிங்கபுரம் தெருவை ஒட்டி, கீழே சிசிடிவி கேமரா விற்கும் கடை, அதன் பக்கவாட்டில் ஒரு குறுகல் மாடிப்படி. ஏறினால் எட்டுக்குப் பத்து அறை, சுவர் முழுக்கப் பழைய மதர்போர்டு. அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் கேபினெட்டோடு போகிறவர்கள் ஆட்டோவில் போய்விடுங்கள். நான் திருவல்லிக்கேணி பெரிய தெருப் பக்கத்திலிருந்து வாலாஜா சாலை வழியாக ஆட்டோவில்தான் போனேன். அண்ணா சாலையைத் தாண்டி உள்ளே திரும்பத்தான் ஆட்டோக்காரர் மூக்கால் அழுதார்.

என்னுடையது சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, நடுநடுவே ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடு. இரண்டு கம்ப்யூட்டர். டிசைன் செய்வது எட்டாம் தலைமுறை ஐ5, கவுண்டரில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ3. இரண்டிலும் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. கூடுதலாக ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது, ஆனால் அதுவும் தள்ளிப்போடுவதுதான். கார்த்திகை முகூர்த்தப் பத்திரிகைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, தைக்கான கூட்டம் மார்கழிப் பாதியில்தான் தொடங்கும். நடுவில் கிடைக்கிற அந்த இடைவெளியில் இரண்டு மெஷினையும் கொண்டுபோய் விட்டேன்.

பக்கத்துக் கடைக்காரருக்கு நடந்தது மனசில் இருந்தது. டிராவல்ஸ் வைத்திருக்கிறார். கடைக்கே வந்து ஓஎஸ் போடுகிறேன் என்று சொன்ன ஒருவரை அழைத்திருந்தார். வந்தவர் இன்ஸ்டால் செய்யும்போது வரும் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகளின் பட்டியலில் எல்லா வரிசையையும் டெலீட் செய்து, மொத்த டிஸ்க்கையும் ஒரே சி டிரைவாக ஆக்கிவிட்டார். டி-யில் இருந்த டாலி கணக்கு முழுக்கப் போச்சு. "டி-ல டேட்டா இருக்குன்னு நீங்க சொல்லலையே சார்" என்பதுதான் பதில். அப்புறம் ரிகவரிக்குக் கொடுத்ததில் ஃபைல்கள் பாதி திரும்பின, பெயர் இல்லாமல், வெறும் எண்களாக. எது எந்த மாதத்துக் கணக்கு என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன்.

இந்த மாடிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. முதலில் மெஷினை மானிட்டரில் மாட்டி ஆன் செய்தார். லாங்சைஸ் நோட்டு ஒன்றை எடுத்து என் பெயர், தேதி எழுதி, நடுவே கோடு போட்டார். "சி-ல என்ன இருக்கு, டி-ல என்ன, இ-ல என்ன, நீங்களே சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்." சி-யில் விண்டோஸ் மட்டும்தான் என்றேன். "டெஸ்க்டாப்புல நாற்பது ஃபோல்டர் இருக்கே, அது எங்க இருக்கு?" டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றுமே சி டிரைவுக்குள் யூசர்ஸ் ஃபோல்டரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. திரையில் கண்முன்னால் தெரிவதால் அது ஏதோ தனி இடம் என்றுதான் கடைக்கு வருகிற பலரும் நினைக்கிறார்கள் என்று சிரித்தார்.

அப்புறம் கேட்டதுதான் என்னை வளைத்துப் போட்டது: "டிடிபி-ன்னீங்களே, ஃபான்ட் எல்லாம் எடுத்தாச்சா?"

வெளியாட்களுக்கு இது புரியாது. எந்த மெஷினிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோட் வந்து எத்தனையோ வருஷமாகியும் எங்கள் தொழிலில் பாதி ஃபைல் இன்னும் பாமினி, ஸ்ரீலிபி மாதிரி பழைய எழுத்துருக்களில்தான் கிடக்கிறது. முன்பு அக்காவுக்கு அடித்த பத்திரிகையை எடுத்து, பெயரையும் மண்டபத்தையும் மாற்றித் தங்கைக்குக் கொடு என்று கேட்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பேஜ்மேக்கர் (பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்) ஃபைலைத் திறக்கும்போது எழுத்துரு இல்லையென்றால் முகூர்த்த நேரம் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகக் கொத்துக்கொத்தாக வந்து நிற்கும். எழுத்துருக்கள் இருப்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸில். சி-யை ஃபார்மேட் செய்தால் அதுவும் சேர்ந்து போகும். இதுவரைக்கும் எனக்கும் தெரியும், காப்பியும் எடுத்துதான் வைத்திருந்தேன். தம்பி இன்னொரு இடத்தையும் திறந்து காட்டினார். விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அட்மின் அனுமதி இல்லாமல் நிறுவுகிற எழுத்துருக்கள் அந்தப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் மறைந்திருக்கும் ஃபோல்டருக்குப் போகின்றன. சமீபத்தில் ஏற்றிய அலங்கார எழுத்துருக்கள் அத்தனையும் அங்கேதான் இருந்தன. இரண்டையும் டி டிரைவில் தனித்தனி ஃபோல்டராகப் போட்டார். ஸ்ரீலிபி ஓடுவதற்குச் சொருக வேண்டிய டாங்கிளை நான் கொண்டுவந்திருக்கிறேனா, அதன் இன்ஸ்டாலர் இருக்கிறதா என்றும் கேட்டார். டிடிபி கடைக்கு ஓஎஸ் போட்டுப் பழகிய கை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்தது டிஸ்க்கின் உடம்பு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன மென்பொருளை ஓட்டினார். பழைய 1 டிபி ஹார்ட் டிஸ்க் நீல நிறத்தில் 'குட்' என்று வந்தது. மஞ்சள் வந்திருந்தால் ஃபார்மேட் பேச்சே எடுக்க மாட்டாராம், முதலில் டேட்டாவை வெளியே எடுப்பதுதான் வேலையாம். தேய்ந்த டிஸ்க்கில் புது ஓஎஸ் போட்டுத் தந்து, மறுவாரம் அது படுத்தால் பழி கடை மேல்தானே விழும்.

விண்டோஸ் 11-க்கு ஒரு சிக்கல் இருந்தது. என் ஐ5 அதற்குத் தகுதியான ப்ராசசர்தான், ஆனால் முன்பு யாரோ விண்டோஸை லெகசி என்ற பழைய பூட் (மெஷின் கிளம்பும்) முறையில் போட்டிருக்கிறார்கள். டிஸ்க்கில் பார்ட்டிஷன்களைக் குறித்து வைக்கும் முறையும் எம்பிஆர் என்ற பழைய வகை. இப்போது யுஇஎஃப்ஐ என்ற புது முறையில் பூட் செய்து விண்டோஸ் போடவேண்டுமென்றால் டிஸ்க் ஜிபிடி என்ற புது வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் பார்ட்டிஷன் பட்டியலிலேயே மறித்துக்கொண்டு நிற்கும். நேரம் மிச்சம் பிடிக்கிற கடைக்காரர்கள் அந்த இடத்தில்தான் மொத்த டிஸ்க்கையும் துடைத்துவிட்டு ஜிபிடி ஆக்குகிறார்கள். டேட்டா போகாமல் மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. தம்பி இரண்டையும் சொல்லிவிட்டு, "பழைய டிஸ்க்கைத் தொடவே வேணாங்க்கா. புதுசா ஒரு எஸ்எஸ்டி போட்டு அதுல ஓஎஸ் வச்சுக்கலாம். இது டேட்டாவுக்கு மட்டும் இருக்கட்டும்" என்றார். பூட் ஆகிற டிஸ்க்குக்குத்தான் ஜிபிடி கட்டாயம், டேட்டா டிஸ்க் 2 டிபி-க்கு உள்ளே இருக்கும்வரை எம்பிஆர் ஆகவே இருந்துவிட்டுப் போகலாம். எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) விற்கத்தான் சொல்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வந்தது, மறைக்கவில்லை. அவரும் மறைக்கவில்லை: "கீழ மூணு கடை இருக்கு, எங்க வேணாலும் வாங்கிட்டு வாங்க." விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்குகிற சரக்கு அது. இரண்டு கடை விசாரித்து 500 ஜிபி ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன்.

எஸ்எஸ்டியை மாட்டியதும் பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கி வெளியே தொங்கவிட்டார். இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்தால் விண்டோஸ் தன்னை ஒன்றில் நிறுவிக்கொண்டு, பூட் ஃபைலை மட்டும் இன்னொன்றில் கொண்டுபோய் வைப்பது உண்டு. பின்னால் பழைய டிஸ்க்கைக் கழற்றும் அன்று மெஷின் எழுந்திருக்காது. தவறான வரிசையை டெலீட் செய்கிற பயமும் இதில் கிடையாது. கேபிளே இல்லாத டிஸ்க்கை எவனாலும் ஃபார்மேட் பண்ண முடியாது.

மெஷின் கிளம்பும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையில் பழைய பூட் முறையை அணைத்து, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் பாதுகாப்புச் சிப்பின் வேலையைச் செய்யும் பிடிடி என்ற அமைப்பை ஆன் செய்து, பென் டிரைவில் பூட் செய்தார். பார்ட்டிஷன் பட்டியலில் ஒரே ஒரு வரி: டிரைவ் 0, அன்அலோகேட்டட், 465 ஜிபி சொச்சம். 500 வாங்கினால் 465 காட்டுவது ஏமாற்று இல்லை, கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. "சி-க்கு எவ்வளவு வைக்கட்டும்?" விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 64 ஜிபி என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது, அதை நம்பி 80, 100 என்று வெட்டி வைத்தால் அப்டேட் வரும்போதெல்லாம் சிவப்புக் கோடுதான். 200 என்று முடிவானது. அளவை எம்பி-யில் கொடுக்க வேண்டியதால் 204800 என்று அடித்தார், கால்குலேட்டர் பார்க்காமல். அடித்ததும் விண்டோஸ் தானாகவே 100 எம்பி-க்கு ஒரு சிஸ்டம் பார்ட்டிஷனும், 16 எம்பி-க்கு இன்னொன்றும் உருவாக்கிக்கொண்டது. சின்னதாக இருக்கிறதே, எதற்கு என்று அவற்றை அழிப்பவர்களும் இருக்கிறார்களாம். அந்த 100 எம்பி-யில்தான் பூட் உட்கார்ந்திருக்கிறது.

லைசென்ஸ் விஷயத்தில் நேர்மையாக இருந்தார்கள். என் விண்டோஸ் 10 ஒரிஜினல். அந்த உரிமம் மதர்போர்டோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், டிஸ்க் மாறினாலும் நெட் கொடுத்ததும் 11 தானாக ஆக்டிவேட் ஆனது. காசு கேட்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது டிஸ்க் என்க்ரிப்ஷன் (டேட்டாவைப் பூட்டி வைப்பது) தானாக ஆன் ஆகியிருக்கிறதா என்றும் திறந்து பார்த்தார். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது பெரும்பாலும் தானே ஆன் ஆகிவிடுகிறது. மெஷின் ஒருநாள் மக்கர் பண்ணினால் 48 இலக்கச் சாவி கேட்கும். அந்தச் சாவி கணக்கில்தான் இருக்கும், கணக்கின் பாஸ்வேர்டு நம்மிடம் இருக்க வேண்டும். என் கடையில் ராணுவ ரகசியம் எதுவும் இல்லை, அணைத்துவிடச் சொன்னேன்.

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபோது டிரைவ் எழுத்துகள் இடம் மாறி வந்தன. என் பழைய டி, எஃப் ஆகிவிட்டது. வெறும் எழுத்துதானே என்று வேறு யாராவது இருந்தால் விட்டிருப்பார்கள். பேஜ்மேக்கரில் வைத்த படங்கள் எல்லாம் 'டி-யில் இன்ன ஃபோல்டர்' என்ற முகவரியில்தான் இணைந்திருக்கின்றன. எழுத்து மாறினால் ஒவ்வொரு ஃபைலும் பிள்ளையார் படம் எங்கே என்று கேட்கும். டிஸ்க் மேனேஜ்மெண்டில் போய்ப் பழையதற்கு மறுபடி டி கொடுத்து, எஸ்எஸ்டியின் மிச்ச இடத்துக்கு டபிள்யூ வைத்தார்.

பழைய டிஸ்க்கில் இருந்த முன்னாள் சி-யை அன்றே ஃபார்மேட் செய்து தரும்படி கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். "கொஞ்ச நாள் ஓட்டுங்கக்கா. ஏதாவது விட்டுப்போயிருந்தா அதுல இருக்கும். அப்புறம் கூப்பிடுங்க." அவர் சொன்னபடியே ஆனது. டிசைன் மென்பொருளான கோரல்டிராவில் பல வருஷமாகச் சேர்த்து வைத்த ஷார்ட்கட்டுகளும் வண்ணத் தட்டும் பழைய சி-யின் ஆப்டேட்டாவில்தான் இருந்தன. எடுத்துக்கொண்ட பிறகு அந்தப் பார்ட்டிஷனை மட்டும் நானே ஃபார்மேட் செய்தேன், அவர் போனில் சொல்லச் சொல்ல. 'குவிக்' டிக்கை எடுத்துவிடச் சொன்னார். குவிக் ஃபார்மேட் புது ஃபைல் அமைப்பை மட்டும் எழுதும், பழைய டேட்டா அப்படியே அடியில் கிடக்கும். முழு ஃபார்மேட் விஸ்டாவுக்குப் பிறகு எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதுகிறது, கெட்ட செக்டர்களையும் பார்த்துவிடுகிறது. சுழல்கிற டிஸ்க்கில் அதற்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. எஸ்எஸ்டிக்கு இந்த வேலையே வேண்டாமாம், குவிக் போதுமாம்.

கவுண்டர் மெஷின் கதை சின்னது. ஐ3 நான்காம் தலைமுறைக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. அந்த மெஷினில் பிரவுசர், பிடிஎஃப், பிரிண்ட் மூன்றும் ஓடினால் போதும் என்பதால் லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ் போடலாம் என்றார். 2029 வரை அப்டேட் வரும். அந்த டிஸ்க்கில் சி, டி இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, லினக்ஸிலோ சி, டி என்ற பெயரே கிடையாது, எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்றுதான் வரும். அதனால் விண்டோஸில் இருக்கும்போதே டி-யின் லேபிளை 'தொடாதே' என்று தமிழில் மாற்றினார். மின்ட்டை பென் டிரைவில் ஓட்டி, பார்ட்டிஷன்களைக் காட்டும் ஜிபார்ட்டெட்டைத் திறந்தால் வரிசையில் அழகாகத் 'தொடாதே' நிற்கிறது. அதன் எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டு, மற்றதை மட்டும் லினக்ஸுக்கான இஎக்ஸ்டி4 வகையாக ஃபார்மேட் செய்தார். கவுண்டரில் உட்காரும் பெண்ணுக்கு ஒரு வாரம் கடுப்பு, இப்போது பழகிவிட்டாள். தமிழ்99 தட்டச்சும் ஓடுகிறது. ஸ்கேனர் மட்டும் முரண்டு பிடிக்கிறது, அதை டிசைன் மெஷினுக்கு மாற்றிவிட்டேன்.

குறையும் சொல்ல வேண்டும். உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கேள்வி கேட்கிற நேரம் முழுக்க நின்றுகொண்டே பதில் சொல்ல வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த மாடிப்படியும் தண்டனைதான். சாயந்திரம் தருகிறேன் என்று சொன்னால் மறுநாள் மதியம் என்று புரிந்துகொள்ளுங்கள். முன்கூட்டியே போன் செய்து சொல்லவும் மாட்டார்கள். கேட்காமலேயே ஒரு ட்ரையல் ஆன்டிவைரஸ் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள், மூலையில் எட்டிப் பார்த்துக் காசு கேட்டுக்கொண்டே இருந்தது, எடுத்துவிட்டேன். பில் கேட்டால்தான் பில், அதுவும் முதலாளி இருந்தால்தான். தம்பி இல்லாத நாளில் போன என் நாத்தனார் மகனுக்கு அந்த நோட்டே வெளியே வரவில்லை, அங்கிருந்த இன்னொரு பையன் "எல்லாத்தையும் அடிச்சிரலாமா?" என்றுதான் ஆரம்பித்திருக்கிறான். நாத்தனார் மகன் மெஷினைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான், நல்லவேளை.

ஆகவே போகும் முன் கீழே கேமரா கடையில் "மேல நோட்டுக்காரத் தம்பி இருக்காரா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். டிசைன் மெஷினுக்கு 900, கவுண்டர் மெஷினுக்கு 600 வாங்கினார்கள், எஸ்எஸ்டி தனி. ஜிபே உண்டு. மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துப் பதினொரு மணி வாக்கில் போனால் கூட்டம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை தெருவில் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும், போக வேண்டாம். பவர் கேபிள் அவர்களிடமே இருக்கிறது. டாங்கிளும், மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டும், காலியான ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் நீங்கள் எடுத்துப் போக வேண்டும்.